பிலிமா, டிஜிட்டலா? – ஒளியைப் பிடித்து வைக்கும் இரு வழிகள்

புகைப்படக் கலையில் ஆர்வம் கொண்ட மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டுப் பரணில் தாத்தாவோ மாமாவோ பயன்படுத்திய பிலிம் காமிரா கிடக்கிறது. அதைத் துடைத்தெடுத்துப் பிலிம் வாங்கிப் போடலாமா, அல்லது பணம் சேர்த்து டிஜிட்டல் காமிரா ஒன்று வாங்கலாமா என்பதே அது. இதற்கு ஊரில் கிடைக்கும் விடைகள் இரண்டு வகை. டிஜிட்டல் வந்த பிறகு பிலிம் எதற்கு என்பார் ஒருவர். பிலிமின் அழகு டிஜிட்டலுக்கு ஒருநாளும் வராது என்பார் மற்றொருவர். இரண்டுமே தீர்ப்புகள்தாம், காரணங்கள் அல்ல. அறிவியல் பயில்வோர் காரணத்தைக் கேட்காமல் விடலாகாது.

கூர்ந்து பார்த்தால் இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பது புலப்படும். வந்து விழும் ஒளியை எது நன்றாகப் பிடிக்கிறது என்பது ஒன்று. பிடித்ததை எது நெடுங்காலம் வைத்திருக்கிறது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு வரும் விடையே இரண்டாவதற்கும் வந்துவிட்டால் தொல்லையில்லை. ஆனால் அப்படி வருவதில்லை. ஏன் என்பதைக் காண்போம்.

காமிராவின் முன்பாதி இரண்டு வகைக்கும் ஒன்றே. ஒளியைக் குவிக்கும் லென்சு, ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் துளை, ஒளி எவ்வளவு நேரம் உள்ளே விழலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஷட்டர் ஆகிய மூன்றும் பிலிம் காமிராவிலும் உண்டு. டிஜிட்டல் காமிராவிலும் உண்டு. நல்ல லென்சு எதில் பொருத்தினாலும் நல்ல லென்சே. பழைய காமிராவின் லென்சை ஓர் இணைப்பு வளையத்தின் உதவியால் புதிய டிஜிட்டல் காமிராவில் மாட்டிப் படம் எடுப்போர் இன்று பலர். வேறுபாடு எல்லாம் லென்சுக்குப் பின்னால், பிம்பம் விழும் அந்தச் சிறு பரப்பில்தான் இருக்கிறது.

வெள்ளியில் உறையும் ஒளி

பிலிம் என்பது ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் ஜெலட்டின் பூச்சு ஒன்று உண்டு. அப்பூச்சுக்குள், பாயசத்தில் ஜவ்வரிசி மிதப்பது போல, வெள்ளி புரோமைடின் நுண்ணிய படிகங்கள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலான படிகங்களின் அளவு ஒரு மைக்ரானை ஒட்டியது. அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒளித்துகளான போட்டான் ஒன்று படிகத்தினுள் உறிஞ்சப்படும்போது, புரோமைடு அயனியிலிருந்து ஓர் எலெக்ட்ரான் விடுபடுகிறது. விடுபட்ட எலெக்ட்ரான் படிகத்துக்குள் சுற்றித் திரிந்து, படிக அமைப்பில் குறையுள்ள ஓர் இடத்தில் சிக்கிக் கொள்கிறது. எதிர்மின்னேற்றம் பெற்ற அந்த இடத்தை நோக்கி, படிகத்தில் நகரக்கூடிய நேர்மின் வெள்ளி அயனி ஒன்று ஈர்க்கப்படுகிறது. இரண்டும் கூடியதும் ஒரு வெள்ளி அணு பிறக்கிறது. அதே இடத்தில் இரண்டாவது எலெக்ட்ரான், இரண்டாவது அணு என்று தொடர்ந்து, ஏறத்தாழ நான்கு வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் படிகம் ஒளிபட்ட படிகம் ஆகிவிடுகிறது. இந்த விளக்கத்தை 1938-இல் ரொனால்டு கர்னி, நெவில் மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் தந்தனர். கண்ணுக்கும் தெரியாமல், சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாமல் பிலிமில் மறைந்திருக்கும் இதனை மறைபிம்பம் என்பர்.

இனி டெவலப்பரின் வேலை. டெவலப்பர் ஒரு மென்மையான ஒடுக்கி. வெள்ளி அயனியை வெள்ளி உலோகமாக மாற்ற வல்லது. நான்கு அணுக்கள் சேர்ந்துள்ள படிகத்தை அது முழுவதும் வெள்ளியாக மாற்றிவிடும். அணுக்கள் சேராத படிகத்தை அநேகமாகத் தொடுவதில்லை. காய்ச்சிய பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டால் பானைப் பாலும் தயிராவதையும், விடாத பால் பாலாகவே இருப்பதையும் நினைத்துக் கொள்ளலாம். இந்த உறைமோரின் ஆற்றலைச் சிறு கணக்கால் காணலாம். பக்கத்துக்கு அரை மைக்ரான் உள்ள ஒரு சிறிய கனசதுரப் படிகத்தில் சுமார் 250 கோடி வெள்ளி அயனிகள் இருக்கின்றன. நான்கு அணுக்கள் 250 கோடி அணுக்களாகப் பெருகுகின்றன என்றால், பெருக்கம் ஏறத்தாழ 60 கோடி மடங்கு! மின்சாரம் இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை. ஒரு தட்டு இரசாயனக் கரைசலில் இது நடக்கிறது. பிறகு ஹைப்போ கரைசல், மாறாது எஞ்சிய வெள்ளி புரோமைடைக் கரைத்து வெளியேற்றுகிறது. ஒளிபட்ட இடங்களில் கரிய வெள்ளி நிற்கிறது. இதுவே நெகடிவ்.

நீல ஒளிக்கு மேல் வெள்ளி புரோமைடுக்கு இயல்பாகக் கண் தெரியாது எனலாம். பச்சை, சிவப்புப் போட்டான்களின் ஆற்றல் அதற்குப் போதாது. 1873-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைக் கலந்தால் பிற நிறங்களையும் பிலிம் உணரும் என்று கண்டார். அந்தச் சாயம் சேர்க்கப்படாத அச்சுத்தாளைக் கையாளும்போதுதான் ஸ்டூடியோ இருட்டறையில் சிவப்பு விளக்கு எரியலாம்.

வண்ணப் பிலிமில் மூன்று அடுக்குகள். ஒவ்வொன்றும் ஒரு நிறத்தைப் பதிவு செய்கிறது. உருத்துலக்கும்போது வெள்ளி உண்டாகும் இடங்களில் கூடவே சாயமும் உண்டாகிறது. பின்னர் வெள்ளி முழுவதும் நீக்கப்பட்டு, சாயம் மட்டும் தங்குகிறது. வண்ண நெகடிவில் வெள்ளி இல்லை என்ற இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

எண்ணிக்கையாகும் ஒளி

டிஜிட்டல் காமிராவில் பிலிமின் இடத்தில் சிலிகான் சில்லு ஒன்று அமர்ந்திருக்கிறது. சிலிகானில் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்க சுமார் 1.1 எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் போதும். பச்சை ஒளியின் போட்டானிடம் அதைப்போல் இரு மடங்கு ஆற்றல் உண்டு. ஆகவே கண்ணுக்குத் தெரியும் எல்லா நிற ஒளியும் சிலிகானில் எலெக்ட்ரான்களை விடுவிக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் ஒரு பகுதியும் விடுவிக்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தொலைக்காட்சியின் ரிமோட்டை ஒரு கைபேசிக் காமிராவின் முன் நீட்டிப் பொத்தானை அழுத்துங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையிலோ ரிமோட்டின் முனை ஊதா கலந்த வெண்மையில் மின்னும். பின்பக்கக் காமிராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் காமிராவில் முயலலாம். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி எல்லாக் காமிராக்களிலும் ஒரே அளவு திறமையாக இருப்பதில்லை.

சில்லின் பரப்பு இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒளி விழுந்த நேரத்தில் அங்கே விடுபட்ட எலெக்ட்ரான்கள் அந்தக் கட்டத்திலேயே சேர்த்து வைக்கப்படுகின்றன. சேர்ந்த எலெக்ட்ரான்களை எண்ணும் வழியை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவர் கண்டனர். தீப்பிடித்த வீட்டை அணைக்க, கிணற்றிலிருந்து வீடுவரை ஆட்கள் வரிசையில் நின்று குடம் குடமாகக் கைமாற்றுவது போல, ஒரு கட்டத்தின் எலெக்ட்ரான்கள் அடுத்த கட்டத்துக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என நகர்ந்து, வரிசையின் கடைசியில் ஒவ்வொன்றாக அளக்கப்படுகின்றன. சிசிடி எனப்படும் இச்சாதனத்துக்காக அவ்விருவரும் 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இன்றைய காமிராக்களிலும் கைபேசிகளிலும் பெரும்பாலும் இருப்பது சீமாஸ் என்ற வேறு வகைச் சில்லு. அதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சொந்தமாகச் சிறு பெருக்கி உண்டு, கைமாற்றும் வரிசை தேவையில்லை.

1975-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிராவில் நூற்றுக்கு நூறு, அதாவது பத்தாயிரம் பிக்சல்களே இருந்தன. எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படத்தைக் காசெட் நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. பிலிம் விற்றே வளர்ந்த நிறுவனத்தின் கூரைக்குக் கீழேதான் பிலிமின் போட்டியாளன் பிறந்தது என்பது வரலாற்றின் வேடிக்கை. அந்நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. பின்னர் மீண்டு, இன்றும் பிலிம் தயாரிக்கிறது.

சிலிகானுக்கு நிறம் தெரியாது. எந்த நிறப் போட்டானும் தருவது ஓர் எலெக்ட்ரானே. எலெக்ட்ரானின் மேல் நிறம் எழுதப்பட்டிருப்பதில்லை. எனவே ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு வண்ண வடிகட்டி வைக்கிறார்கள். நான்கு பிக்சல்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இந்த அமைப்பை வகுத்தவர் அதே கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர். காப்புரிமை 1976-இல் கிடைத்தது. ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டு நிறங்களும் அண்டைப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பப்படுபவை. டிஜிட்டல் வண்ணப் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவீடு அன்று, ஊகம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் அது உண்மை. ஊகம் மிக நல்ல ஊகம் என்பதும் உண்மை.

எது நன்றாகப் பிடிக்கிறது?

இங்கே போட்டி சமமானதன்று. பிலிமின்மேல் விழும் போட்டான்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் உருப்படியாகப் பதிவுக்கு உதவுகின்றன. நல்ல சிலிகான் சில்லு நூற்றுக்கு ஐம்பதையும் அதற்கு மேலும் எண்ணிவிடும். வானியலில் பயன்படும் சிறப்புச் சில்லுகள் தொண்ணூறு வரை எட்டுகின்றன. இரவு வானத்தைப் படம் எடுப்போர் பிலிமைக் கைவிட்டதற்கு இதுவே முதற் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. மிக மங்கலான ஒளியில், பிலிமின் ஒரு படிகத்தில் முதல் வெள்ளி அணு பிறந்து, இரண்டாவது வருமுன் சில வேளை சிதைந்துவிடுகிறது. நான்கு சேர வேண்டிய இடத்தில் ஒன்றுகூடத் தங்குவதில்லை. எனவே ஒளிபடும் நேரத்தை இரட்டித்தாலும் பிலிமில் பதிவு இரட்டிப்பதில்லை. சிலிகானிலோ பத்து விநாடிக்கு வந்த எண்ணிக்கை இருபது விநாடியில் இரு மடங்காகிறது.

பளிச்சென்ற ஒளியில் நிலைமை தலைகீழ். ஒரு பிக்சலில் சில பத்தாயிரம் எலெக்ட்ரான்களுக்கு மேல் கொள்ளாது. குடம் நிரம்பிவிட்டால், அதன்பின் எவ்வளவு மழை பெய்தாலும் குடத்தில் இருப்பது ஒரு குடம் தண்ணீர்தான். நண்பகல் வெயிலில் எடுத்த கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மடிப்பே இல்லாத வெள்ளைத் தாளாகத் தெரிகிறதே, அது வழிந்த குடங்களின் கூட்டம். இழந்த மடிப்பை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. எண்ணிக்கையே அங்கு இல்லை. நெகடிவ் பிலிம் இவ்வாறு சட்டென்று நின்றுவிடாது. அதில் பெரிய படிகங்கள் முதலில் ஒளிக்கு இரையாகின்றன, சிறியவை பின்னர். காலியான படிகங்கள் குறையக் குறைய, புதிதாக வரும் போட்டானுக்கு இடம் கிடைப்பது அரிதாகிறதே தவிர, கதவு ஒரேயடியாகச் சாத்தப்படுவதில்லை. பிலிமின் அழகு என்று இரசிகர்கள் சொல்வதில் ஒரு பெரும் பகுதி, வெளிச்சமான இடங்களில் காணும் இந்த மெல்லிய சரிவுதான் என்பது என் கருத்து. அது மாயமன்று, படிகங்களின் புள்ளியியல்.

இதிலிருந்து நடைமுறை விதி ஒன்று பிறக்கிறது. நெகடிவ் பிலிமில் படம் எடுப்பவர் நிழலைக் கவனிக்க வேண்டும். நிழலில் போதிய ஒளி விழாவிட்டால் நான்கு அணுக்கள் சேராது, அங்கு ஒன்றும் பதியாது. டிஜிட்டலில் எடுப்பவர் வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். குடம் வழியாமல் பார்த்துக்கொண்டால் நிழலைப் பிறகு ஓரளவு தூக்கிவிடலாம். ஒரு வகையில் பழகியவர் மற்றதற்கு மாறும்போது முதல் சில படங்கள் கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

நிழலைத் தூக்கினால் குருணை குருணையாகப் புள்ளிகள் தோன்றுகின்றனவே, அது ஏன் என்று சிலர் கேட்கலாம். போட்டான்கள் மழைத்துளிகளைப் போல ஒழுங்கின்றி வருகின்றன. சராசரியாகப் பத்தாயிரம் வரவேண்டிய பிக்சலில் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமாகிய நூறு. அதாவது ஒரு விழுக்காடு. கண் அதைக் காணாது. சராசரி நூறு மட்டுமே வரும் நிழற் பிக்சலில் ஏற்றத்தாழ்வு பத்து; பத்து விழுக்காடு. கண் உடனே காண்கிறது. இது காமிராவின் குற்றமன்று, ஒளியின் இயல்பு. இதற்கு மருந்து ஒன்றே: கூடுதல் போட்டான்களைச் சேகரிப்பது.

பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் காமிரா வாங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதும் இதனாலேயே. 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு சட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். பல கைபேசிகளின் சில்லு சுமார் 6-க்கு 4 மில்லிமீட்டர்; பரப்பு 24. முப்பத்தாறில் ஒரு பங்கு! அதில் ஐந்து கோடி பிக்சல்களைத் திணித்தால், ஒவ்வொன்றும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான சிமிழாகிவிடுகிறது. அதனால்தான் அக்கைபேசிகள் நான்கு நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துப் படிக்கின்றன. ஒரு படத்துக்காகப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்துக் கூட்டிச் சராசரி காண்கின்றன. விளம்பரத்தில் ஐந்து கோடி, உறையிலிருந்து எடுத்தவுடன் வரும் படத்தில் ஒன்றேகால் கோடி என்ற நிலை இப்படி வருகிறது.

பிலிமுக்கு எத்தனை பிக்சல் என்று கணக்கிடவும் வழி உண்டு. கையில் பிடித்து எடுக்கும் சாதாரணப் படத்தில் மில்லிமீட்டருக்கு 60 இணைக்கோடுகள் பிரிந்து தெரிந்தால் நல்ல தேர்ச்சி எனலாம். ஓர் இணைக்கு இரண்டு பிக்சல் வீதம் மில்லிமீட்டருக்கு 120. நீளவாக்கில் 4,320, உயரவாக்கில் 2,880. பெருக்கினால் சுமார் 1 கோடியே 24 இலட்சம். இன்று விற்கும் பெரும்பாலான டிஜிட்டல் காமிராக்கள் இதை எளிதாகத் தாண்டுகின்றன. ஆகவே முதற் கேள்விக்கு விடை தெளிவு. ஒளியைப் பிடிப்பதில் சிலிகானே வல்லது. மிகுந்த வெளிச்சத்தை நயமாகக் கையாள்வது என்ற ஒரு துறையில் மட்டும் வெள்ளிக்கு இன்னும் மரியாதை உண்டு.

எது நெடுநாள் வைத்திருக்கிறது?

கொடைக்கானலில் உள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல், வானம் தெளிந்த நாட்களில் சூரியனைப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் பதிந்த பல்லாயிரம் சூரியன்கள் அங்கே இருக்கின்றன. 1909-இல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கு எடுத்த நிறமாலைத் தகடுகளில்தான். நூறாண்டுக்கு முந்தைய தகட்டை இன்று ஒருவர் எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் போதும். அன்றைய கரும்புள்ளி அங்கே இருக்கிறது. எந்த இயந்திரமும் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். வெள்ளி ஓர் உயர்ந்த உலோகம். நன்கு கழுவி, உலர்ந்த இடத்தில் வைத்தால் எளிதில் மாறாது.

இதற்கு எதிரான கதை ஒன்றும் உண்டு. 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்கா சந்திரனைச் சுற்ற ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களை அனுப்பியது. அவற்றுக்குள் பிலிம் காமிராவும், எடுத்த பிலிமை அங்கேயே உருத்துலக்கும் சிறு இருட்டறையும் இருந்தன. உருத்துலக்கிய படத்தை ஒளிப்புள்ளியால் தடவி மின்குறிகளாக்கிப் பூமிக்கு அனுப்பினார்கள். பூமியில் அக்குறிகள் பெரிய காந்த நாடாக்களில் பதிவாயின. ஆண்டுகள் உருண்டன. நாடாக்கள் பத்திரமாக இருந்தன. அவற்றைப் படிக்கும் இயந்திரங்கள் வழக்கொழிந்தன. 2008-இல் கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மைய வளாகத்தில், மூடிக் கிடந்த ஓர் உணவுக்கடைக் கட்டடத்தில் ஒரு சிறு குழு அமர்ந்து, பழைய இயந்திரங்களைத் தேடிப் பிடித்துப் பழுதுபார்த்து, சந்திரனின் விளிம்பில் பூமி தெரியும் 1966-ஆம் ஆண்டுப் படத்தை மீட்டது. அந்த நாடாக்கள் இன்றைய பொருளில் டிஜிட்டல் பதிவுகள் அல்ல. ஆனாலும் இயந்திரம் இன்றிப் படிக்க முடியாத எந்தப் பதிவுக்கும் நேரக்கூடியது இதுவே. அங்கே ஒரு விண்வெளி நிறுவனம் இருந்தது, விடாப்பிடியான பொறியாளர்கள் இருந்தார்கள். நம் வீட்டு வன்தட்டு நின்றுபோனால் யார் வரப் போகிறார்கள்?

நினைவு அட்டையிலும் கைபேசியிலும் படம் எவ்வாறு இருக்கிறது? மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய தீவுகளில் எலெக்ட்ரான்களாக அடைபட்டு இருக்கிறது. காப்பு எவ்வளவு நல்லதாயினும் எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசியும். ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் பெட்டியில் பூட்டி வைத்த நினைவு அட்டையை நம்பலாகாது. வன்தட்டில் காந்தப் பதிவு தங்கும். சுழலும் பொறி ஒருநாள் நிற்கும். அதற்கு முன்னறிவிப்பு வரலாம், வராமலும் போகலாம். நம் பெற்றோரின் திருமணப் படம் கருப்பு வெள்ளையில் சுவரில் தொங்குகிறது. பத்தாண்டுக்கு முன் பிறந்த குழந்தையின் முதல் படம் எங்கே என்று கேட்டால், பழைய கைபேசியில் இருந்தது, அது தண்ணீரில் விழுந்துவிட்டது என்கிறார்கள். இது மிகையன்று, ஒவ்வொரு வகுப்பிலும் இப்படிச் சொல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் பிலிம் சாகாவரம் பெற்றதென்று எண்ணிவிட வேண்டாம். ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல உணவு. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் நெகடிவ்கள் பொட்டுப் பொட்டாக அரிபடும். அசிட்டேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிடிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை வீசினால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வாடை பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும் என்பதால் தனியே பிரித்து வைக்க வேண்டும். வண்ண நெகடிவில் வெள்ளி இல்லை, சாயமே உண்டு என்று முன்னே கண்டோம். சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கும். எழுபதுகளின் வண்ணப் படங்கள் பல இன்று செங்காவி படர்ந்து நிற்பது அதனாலேயே. நெடுநாள் நிற்பது பிலிம் என்று பொதுவாகச் சொல்வது தவறு. நெடுநாள் நிற்பது கருப்பு வெள்ளைப் பிலிம்.

டிஜிட்டலுக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. நெகடிவிலிருந்து நகல் எடுத்தால் நகல் சற்றே மங்கும். எண்ணை நகல் எடுத்தால் எண் எண்ணாகவே இருக்கும். ஆயிரமாவது நகலும் முதலாவதும் ஒன்றே. ஆகவே பிலிம் ஓரிடத்தில் சும்மா கிடந்து வாழ்கிறது. டிஜிட்டல் படம் இடம் மாறிக்கொண்டே இருந்தால்தான் வாழும். முக்கியமான படங்களுக்கு மூன்று நகல்கள் இருக்கட்டும்; இரண்டு வெவ்வேறு சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் அல்லது இணையச் சேமிப்பில். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும்போது, அவற்றைத் திறந்து பார்த்து, ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய வன்தட்டுக்கு மாற்றுங்கள். கைபேசிச் செய்திகள் வழியே அனுப்பிய படம் பெரும்பாலும் சுருக்கப்பட்ட படம். அதை மூலப்படம் என்று எண்ணி மூலத்தை அழித்துவிடக் கூடாது. மிக வேண்டிய இருபது முப்பது படங்களைத் தாளில் அச்சிட்டு வையுங்கள்.

கொடைக்கானல் தகடுகளையும் இப்போது டிஜிட்டல் படங்களாக மாற்றி, உலக ஆய்வாளர்கள் பயன்படுத்த வகை செய்திருக்கிறார்கள். அதற்குக் கையாண்டது சிசிடி காமிராவே. தகடுகளை எறிந்துவிடவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

படம் எடுக்கக் கற்கத் தொடங்குவோர் டிஜிட்டலையே கைக்கொள்ளலாம் என்பது என் முடிவு. ஷட்டரை மாற்றினால் என்ன ஆகிறது, துளையைச் சுருக்கினால் என்ன ஆகிறது என்பது அந்தக் கணமே தெரிகிறது. எந்த அளவில் எடுத்தோம் என்பதைக் காமிராவே கோப்பில் குறித்து வைக்கிறது. நூறு படம் கெட்டாலும் செலவில்லை. புதியதுதான் வேண்டும் என்பதில்லை. பத்தாண்டுப் பழைய, பெரிய சில்லு கொண்ட காமிரா, புதிய கைபேசியைவிடப் போட்டான்களை அதிகம் சேர்க்கும். ரா என்ற வடிவில் பதியும் வசதி உள்ளதா என்று பாருங்கள். அதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 4,096 அல்லது 16,384 படிகள் உண்டு. சாதாரண ஜேபெக் கோப்பில் 256 படிகளே.

பரணில் கிடக்கும் பிலிம் காமிராவை ஒதுக்கவும் வேண்டாம். லென்சை விளக்கின் எதிரே பிடித்துச் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டரை ஒரு விநாடி வேகத்தில் வைத்து அழுத்தினால் ஒரு விநாடியில் மூடுகிறதா, இழுத்துக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். பின்கதவின் ஓரத்திலுள்ள கரிய நுரைப்பஞ்சு பிசுபிசுத்திருந்தால் அதை மாற்றாமல் பிலிம் போடலாகாது, வெளிச்சம் கசியும். அறுபதுகள், எழுபதுகளின் காமிராக்கள் பலவற்றின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச மின்கலத்தை எதிர்பார்க்கும். அது இன்று தயாரிக்கப்படுவதில்லை. 1.5 வோல்ட் மின்கலத்தைப் போட்டால் ஒளிமானி தவறாகக் காட்டக்கூடும்.

பிலிம் கிடைப்பதும் முன்போல் எளிதன்று. நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அருகே, 1960-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் உற்பத்தி செய்தது. இந்து என்ற பெயர் பொறித்த கருப்பு வெள்ளைப் பிலிம் பெட்டி அந்நாளில் பல ஸ்டூடியோக்களில் இருந்தது. அந்த ஆலை இப்போது இயங்கவில்லை. இன்று வெளிநாட்டுப் பிலிம்தான். ஒரு சுருளில் 36 படம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு உண்டு. வண்ணப் பிலிமை உருத்துலக்கும் கூடங்கள் பெருநகரங்களில் சிலவே உள்ளன. கருப்பு வெள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு டெவலப்பிங் தொட்டி, ஒளி புகாத பை, இரண்டு மூன்று இரசாயனங்கள், ஒரு வெப்பமானி இருந்தால் வீட்டுக் குளியலறையிலேயே செய்யலாம். டெவலப்பரை 20 டிகிரி செல்சியசில் வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும். ஆகவே பனிக்கட்டி போட்ட வாளியில் புட்டிகளை நிறுத்திக் குளிர வைக்க வேண்டும். வெப்பம் கூடினால் வினையின் வேகம் எப்படிக் கூடுகிறது என்ற பாடத்தை இதைவிட நன்றாக எந்தப் பாடநூலும் கற்பிக்காது. வேதியியலிலும் இயற்பியலிலும் நாட்டமுள்ள மாணவர் ஆண்டுக்கு இரண்டு சுருளாவது இப்படிச் செய்து பார்க்கலாம்.

வீட்டில் பழைய நெகடிவ்கள் இருந்தால் அவற்றை இப்போதே படம் பிடித்து வையுங்கள். கைபேசித் திரையை முழு வெண்மையாக்கி, அதிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நெகடிவைத் தாங்கி நிறுத்துங்கள். திரைக்கு ஒட்டினால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேலிருந்து டிஜிட்டல் காமிராவால், அருகில் குவியும் லென்சு கொண்டு, தாங்கியில் நிறுத்தி எடுங்கள். கணினியில் கருமையையும் வெண்மையையும் இடம் மாற்றினால் முகங்கள் தோன்றும். பிறகு நெகடிவைத் தூசு தட்டி, பிளாஸ்டிக் உறையில் அல்லாது தாள் உறையில் இட்டு, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் அலமாரியில் வையுங்கள். உறையின்மேல் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை, சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.